உட்கார முடியாதவன் என்ன தொழில் செய்வது? (சயாட்டிகா, கடலூர்)

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூரில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. இடுப்பு முதுகெலும்பில் எல்4, எல்5 நடுவே ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. அதனால் காலில் இறங்குகிற வலியைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். “முக்கால்வாசிப் பேருக்கு மூணு மாசத்துல தானா அடங்கிடும்” என்றார் முதலில் பார்த்த டாக்டர். அப்படித்தான் அடங்குகிறதாம். எனக்கு வருஷக்கணக்கில் அடங்கவில்லை.

வலி எங்கே என்று கேட்பவர்களுக்கு என் தொழில் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுத்து வடக்கே தலை வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (அம்மா இருந்தால் திட்டுவார்). வடக்கே இடது புட்டம், தெற்கே கால் பெருவிரல், மேற்கே தொடை, கெண்டைக்கால் இரண்டின் வெளிப்பக்கம், கிழக்கே வலது கால். அந்த வலது கால் மட்டும் இன்றுவரை வில்லங்கமில்லாத சொத்து. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட இடம் முழுக்க ஒருநாள் எரியும், ஒருநாள் மரத்துக் கிடக்கும். தும்மினால் சுரீரென்று விரல் வரைக்கும் இறங்கும். தும்மல் வருவது தெரிந்தாலே கையில் கிடைத்த மேசையையோ சுவரையோ பிடித்துக்கொள்கிறேன்.

வலியோடு பலவீனமும் இருக்கிறது. இடது பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை. கியர் வண்டியை விற்றது அதனால்தான். கியரை மேல்நோக்கித் தட்ட விரல் எழாது, காலையே தூக்க வேண்டும். ஹவாய் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்கும். நாலடி தள்ளிப் போனபிறகு தரை சுட்டால்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் நான் இங்கே கேட்க வந்தது காலைப் பற்றி அல்ல, உட்காருவதைப் பற்றி. என்னால் கொஞ்ச தூரம் நடக்க முடிகிறது. நிற்க முடிகிறது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் தூங்கவும் முடிகிறது. உட்காரத்தான் முடியவில்லை. கால் மணி நேரம் தாண்டினால் புட்டத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கிவிடும். அதையும் மீறி உட்கார்ந்தால் அன்று ராத்திரி முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

பத்திர எழுத்தர் உட்கார்ந்தே சம்பாதிப்பவன். தாய்ப்பத்திரத்தைப் படிக்கணும், வில்லங்கச் சான்றோடு ஒத்துப் பார்க்கணும், சர்வே எண், விஸ்தீரணம், எல்லை எல்லாம் ஓர் எழுத்து பிசகாமல் அடிக்கணும், அப்புறம் ஆன்லைனில் ஏற்றி டோக்கன் போடணும். 2018-ல் பதிவுத்துறையின் ஆன்லைன் முறையான ஸ்டார் 2.0 வந்தபிறகு கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற நேரம் இன்னும் கூடிவிட்டது. முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விடும். எங்கள் வரிசையில் எல்லோரும் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள், நான் மட்டும் பயந்துகொண்டிருப்பேன்.

கிராக்கி வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்து நிற்கிறேன். உடனே அவர்களும் எழுந்துவிடுகிறார்கள். “சரி சார், நீங்க வேலையா இருக்கீங்க போல, அப்புறம் வர்றோம்.” அப்புறம் என்பது பக்கத்துக் கடை. நின்றுகொண்டே பேசுகிற மனுஷன் நம்மைத் துரத்துகிறான் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே ஒரு வக்கீல் வீட்டுக்குப் போய், அவர் நின்றுகொண்டே பேசினால் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

தொழிலுக்கு வெளியேயும் இதே கதைதான். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் எழுந்திருக்கணும். சித்தப்பா மகள் கல்யாணத்தில் சாம்பாரோடு எழுந்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சாகி, சமாதானம் பேச இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார் சித்தப்பா. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றபடி பேசினேன். கோபம் உண்மைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவு வீட்டுக்குப் போனால் உள்ளே தரையில் பாய் விரித்திருக்கும். நான் வாசல் பந்தலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பஸ்ஸில் இதற்கு நேர்மாறு. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில், காலை இழுத்து ஏறுவதைப் பார்த்து யாராவது ரெட்டிச்சாவடிக்கு முன்பே இடம் கொடுத்துவிடுவார்கள். “வேணாம்மா, நான் நின்னுக்கறேன்” என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. ஒரு பாட்டியம்மா “கால் சரியில்லாதவன்னு எழுந்தேன், இவ்ளோ வீறாப்பா?” என்றே கேட்டுவிட்டார். உட்கார்ந்தால்தான் வலி என்று எத்தனை பேரிடம் சொல்வது? மனிதன் களைத்தால் உட்காருவான் என்றுதானே உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிரிகாபலினும் மெத்தில்கோபாலமினும் கலந்த மாத்திரை போடுகிறேன். வலி மந்தமாகிறது, கூடவே நானும் மந்தமாகிறேன். எண்களைச் சரிபார்க்கிற தொழிலுக்கு அது ஆகாது என்று டாக்டரைக் கேட்டு ராத்திரி ஒரு வேளையாக்கிக்கொண்டேன். முதுகுத்தண்டில் போடும் ஊசியும் போட்டாயிற்று. கொஞ்ச நாள் சொர்க்கம், அப்புறம் பழைய கதை. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் “இத்தனை வருஷம் கழிச்சு பண்ணி என்ன பிரயோஜனம்” என்கிறார். வீட்டில் “உங்களை மாதிரி நடக்கிறவங்களுக்கே மாற்றுத்திறனாளி அட்டை கொடுக்கறாங்களாம், போய்க் கேளுங்க” என்கிறார்கள். எனக்கு அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. நிஜமாகவே கால் இல்லாதவர்கள் வருகிற இடம் அது.

இந்த வலியோடு பல வருஷம் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வேலையை எப்படிச் செய்கிறீர்கள்? ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள்? அட்டை கேட்பது நியாயமா? இதைவிட முக்கியமாக, பார்க்கிறவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்?

பண்ருட்டிப் பலா எழுதியது:

அண்ணே, ஊசி மாத்திரையெல்லாம் விடுங்க. எங்க பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கார். எண்ணெய் போட்டு முழங்காலை மடக்கி ஒரே இழுப்பு, ‘டக்’னு சத்தம் கேட்கும், விலகின ஜவ்வு உள்ள போயிடும். எங்க பெரியப்பா கைத்தாங்கலா போனவர், நடந்து திரும்பினார். இல்லைன்னா கால் பக்கமா பிறந்தவங்க யாராவது இருந்தா இடுப்புல மூணு மிதி மிதிக்கச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, எங்க வீட்ல பலிச்சிருக்கு. விலாசம் வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.

கோரிமேடு பிசியோ எழுதியது:

பலா சார், உங்கள் பெரியப்பாவுக்கு வந்தது தசைப்பிடிப்பாக இருந்திருக்கும். பிடிப்பு எண்ணெய்க்கும் சூட்டுக்கும் இளகும், பலநேரம் ஒன்றும் செய்யாவிட்டாலும் இளகும். காலால் பிறந்தவர் மிதித்ததும் சரியானவர்களில் பாதிப் பேர் மறுநாள் தானாகவே எழுந்திருப்பார்கள். கேள்வி கேட்டவருக்குப் பெருவிரல் தூக்க முடியவில்லை. அப்படிப்பட்டவரை யாரும் இழுக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. பிதுங்கிய ஜவ்வு ‘டக்’கென்று உள்ளே போகிற பொருளும் அல்ல. பல பேருக்கு அது மாதக்கணக்கில் தானாகச் சுருங்கும், அதைத்தான் கெடிலக்கரை சாரை முதலில் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கெடிலக்கரை சார், உங்களை நேரில் பார்க்காமல் வைத்தியம் சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சயாட்டிக் நரம்பு, முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களில், இடுப்பின் நான்காவது வேரிலிருந்து கீழே திரிகத்தின் (இடுப்புக்கு அடியில் உள்ள எலும்பு) மூன்றாவது வேர் வரை ஐந்து வேர்கள் சேர்ந்து உண்டாவது. உடம்பிலேயே தடிமனான நரம்பு. எந்த வேர் நசுங்குகிறதோ அதற்குரிய இடத்தில்தான் வலிக்கும். நீங்கள் போட்ட எல்லைப்படி ஐந்தாவது இடுப்பு வேர், அதாவது எல்5, மாட்டியிருக்கிறது. பெருவிரலைத் தூக்குவதும் அதே வேர்தான். உங்கள் எம்ஆர்ஐயும் அதற்குப் பொருந்துகிறது. (நான்கெல்லை சொன்ன முதல் நோயாளி நீங்கள்தான். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லப்போகிறேன்.)

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, வண்டி சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போனாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலம் இழந்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் திரும்பி வராது.

ஆபரேஷன் பற்றி. கனடாவில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. நான்கு முதல் பன்னிரண்டு மாதமாகச் சயாட்டிகா இருந்த 128 பேரில் ஒரு பாதிக்கு ஜவ்வை நீக்கும் ஆபரேஷன், மறு பாதிக்கு மற்ற சிகிச்சைகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கால்வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் உங்கள் வலி அந்தக் கால அளவைத் தாண்டிவிட்டது. அதனால் அந்த முடிவை அப்படியே உங்கள் மேல் ஒட்ட முடியாது. உங்கள் இரண்டு டாக்டர்களும் இரண்டு விதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியவை: இப்போதும் ஜவ்வு நரம்பை அழுத்துகிறதா, புது எம்ஆர்ஐ வேண்டுமா, என் விரல் பலம் போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா? குறைந்துகொண்டே வந்தால் பேச்சு வேறு. தசைபலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண்ணால் குறிப்போம். அந்த எண்ணை ஒவ்வொரு தடவையும் உங்கள் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “கால் வீக்னஸ்” என்று மட்டும் எழுதினால் அடுத்த டாக்டருக்கு உதவாது.

மாத்திரை பற்றி. 2017-ல் ஆஸ்திரேலியாவில் பிரிகாபலினையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் சயாட்டிகாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கால்வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை, தலைசுற்றல்தான் அதிகம். உங்களுக்கு உதவினால் உதவட்டும், அதில் சண்டை இல்லை. உதவுகிறதா இல்லையா என்று டாக்டரோடு உட்கார்ந்து, மன்னிக்கவும், நின்று பேசுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டிய மருந்து.

அப்புறம் அந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். குதிகாலைப் பிடிக்கிற பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். பாதம் தொங்குகிற அளவுக்கு இருந்தால் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் அளவெடுத்துச் செய்துகொடுப்பார்கள். ஜிப்மரில் உடலியக்க மருத்துவம், மறுவாழ்வுத் துறை என்று தனியாக இருக்கிறது. நீங்கள் இதுவரை எலும்புப் பிரிவையும் நரம்பு அறுவைப் பிரிவையும் மட்டும்தான் பார்த்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. வலி போகாவிட்டாலும் அதோடு எப்படித் தொழில் செய்வது என்பதைத்தான் அந்தத் துறை பார்க்கும். சர்க்கரை இருந்தால் மரத்த பாதத்தைத் தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

முத்தியால்பேட்டை தையல் எழுதியது:

அண்ணா, நான் புதுச்சேரியில் பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். எனக்கும் அதே நரம்புதான், வலது கால். ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். கேட்டீர்களே என்று உள்ளதைச் சொல்கிறேன். காலில் இறங்குகிற அந்த எரிச்சல் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோதே இல்லை, அழுதுவிட்டேன். ஆனால் சுண்டுவிரல் பக்கம் இன்னும் மரப்புதான். இடுப்பு வலியும் முழுசாகப் போகவில்லை. ஆபரேஷன் கால்வலிக்குத்தான், இடுப்பு வலிக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். வீட்டில் யார் காதிலும் அது விழவில்லை. “அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் என்ன?” என்பதுதான் இப்போதைய பாட்டு. வலி இருந்தபோது நம்பாதவர்கள் தையல் தழும்பைப் பார்த்து நம்பினார்கள், அதே தழும்பைக் காட்டி இப்போது நம்ப மறுக்கிறார்கள்.

வேலைக்கு வருகிறேன். என் தொழிலும் உட்கார்ந்து செய்வதுதான். முதலில் காலால் மிதிக்கிற மெஷினுக்கு மோட்டார் போட்டேன். பெடலை இடது காலுக்கு நகர்த்திக்கொண்டேன், கொஞ்ச நாள் தையல் கோணல்மாணலாகத்தான் போனது, அப்புறம் கால் பழகிவிட்டது. பெரிய மாற்றம் என்னவென்றால், வேலையைப் பிரித்துவிட்டேன். நின்று செய்கிற வேலை, உட்கார்ந்து செய்கிற வேலை என்று இரண்டு குவியல். அளவெடுப்பது, துணி வெட்டுவது, அயர்ன் பண்ணுவது, காஜா எடுத்ததைப் பார்ப்பது, கொக்கி வைப்பது எல்லாம் நின்று. மெஷின் மட்டும் உட்கார்ந்து. முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்க வெட்டு, மறுநாள் முழுக்கத் தையல். இப்போது ஒரு பிளவுஸ் வெட்டுவேன், கை மட்டும் தைப்பேன், எழுந்து அடுத்ததை வெட்டுவேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் வலி ஏறுவதற்குள் எழுந்துவிடுகிறேன் பாருங்கள், அதுதான் விஷயம். வலி வந்தபிறகு எழுந்தால் பிரயோஜனமே இல்லை.

வெட்டுவதற்குத் தரையில் துணி விரிப்பதை விட்டுவிட்டு, ஆசாரியைக் கூப்பிட்டு உயரமான மேசை போட்டேன். உங்களுக்கும் அதுதான் வேண்டும். பத்திரம் நின்றுகொண்டு அடிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

தீபாவளி, பொங்கல் ஆர்டரில் பாதியைத் தெருவில் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறேன். காசு குறைகிறதுதான். சேர்ந்தாற்போல உழைத்துவிட்டு அப்புறம் படுக்கையில் கிடந்தால் இன்னும் குறையும்.

கல்யாணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பந்திக்கு முதல் ஆளாகப் போகாதீர்கள். பரிமாறுகிற பக்கம் போய் அப்பளக் கூடையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே எல்லோரையும் பார்த்ததாகவும் ஆச்சு, நல்ல மனுஷன் என்று பெயரும் வரும். கடைசிப் பந்தியில் சாப்பாட்டை வாழையிலையோடு தட்டில் வாங்கி மேடை ஓரமாக நின்று சாப்பிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், பரிமாறியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

பலா தம்பி, உங்கள் அக்கறைக்கு நன்றி. மிதி வாங்குகிற உத்தேசம் இல்லை. எங்கள் தெருவிலேயே காலால் பிறந்தவர் ஒருவர் இருக்கிறார், எடை நூறு கிலோ.

பிசியோ சார், நீங்கள் சொன்ன துறைக்கு யாரும் என்னை அனுப்பவே இல்லை. பழைய சீட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட விரல் பலத்துக்கு எண் இல்லை. ‘வீக்னஸ்’தான், நீங்கள் சொன்ன அதே சொல். எல்லை எழுதாத பத்திரத்தை நான் வாங்கமாட்டேன், ஆனால் என் காலுக்கு அப்படி ஒரு சீட்டை வாங்கி வைத்திருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது. இன்று ராத்திரியே பாதத்தைப் பார்க்கிறேன்.

தங்கச்சி, அப்பளக் கூடை யோசனைக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஆனால் அந்த இரண்டு குவியல்தான் எனக்குள் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் என் வேலையிலும் படிப்பது, ஒத்துப் பார்ப்பது, கிராக்கியிடம் விவரம் கேட்பது எல்லாம் நின்று செய்யலாம், அடிப்பது மட்டும்தான் பாக்கி. அதையும் நின்று அடிக்கலாம் என்கிறீர்கள். அட்டை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் ஊன்றுகோல் எழுதியது:

நான் சொல்கிறேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ. கலெக்டர் ஆபீஸ் பக்கம் வருகிறவர்களுக்கு இந்த அட்டை மனு எழுதிக்கொடுத்து எழுதிக்கொடுத்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. நீங்கள் பத்திர எழுத்தர் என்றால் நான் மனு எழுத்தர்.

முதலில் உங்கள் கூச்சத்தைப் பற்றி. நீங்கள் அங்கே வந்தால் எனக்குச் சேர வேண்டியது எதுவும் குறையாது. கால் இல்லாதவன் முன்னால் கால் வலிக்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். வாருங்கள்.

இரண்டாவது, கிடைக்குமா என்பது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. வலி என்று தனியாக ஒரு வகை கிடையாது. உங்களை இயக்கக் குறைபாட்டில்தான் பார்ப்பார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்பதை அளந்துதான் சதவீதம் போடுவார்கள். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று அளக்கிற கருவி அவர்களிடம் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. என் காலைப் பார்த்ததும் எழுதிவிடுகிறார்கள், நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். ராத்திரி தூங்காமல் வருகிற உங்களை மாதிரி ஆட்களைப் பார்த்து “நடக்கிறீங்களே” என்கிறார்கள்.

அதனால் பிசியோ சொன்ன அந்த எண் இங்கேயும் முக்கியம். எம்ஆர்ஐ, நரம்பு ஓட்டப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை, ஜிப்மர் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதியணும், ஆதாரும் போட்டோவும் வேண்டும். குடியிருக்கிற மாவட்டத்திலும் கேட்கலாம், சிகிச்சை பெறுகிற அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று 2017 விதிகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால் கடலூரிலேயே கேளுங்கள், சலுகை எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில் வருவது.

பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். விரல் பலவீனத்துக்கு மட்டும் அவ்வளவு வருமா என்றால், வராமல் போகவே அதிக வாய்ப்பு. நாற்பதுக்குக் கீழே போட்டாலும் அட்டை உண்டு, அதற்கு வெள்ளை நிறம். 40-லிருந்து மஞ்சள், 80-க்கு மேல் நீலம். சரியில்லை என்று தோன்றினால் 90 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலம் மாறக்கூடியது என்று டாக்டர் நினைத்தால் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

படிக்கிறவர்களில் அரசு வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு இந்தச் சட்டத்தின் 20(4) பிரிவு இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியையும் இறக்கக் கூடாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி கொடுக்கணும். பணியிடம் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ளணும். “முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சொந்தத் தொழில் செய்கிற கெடிலக்கரைக்கு இது உதவாது, மன்னிக்கணும்.

மூன்றாவது, பார்க்கிறவர்களிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு கைத்தடி வாங்குங்கள். உங்களுக்கு அது பாதி ஊன்ற, பாதி விளம்பரத்துக்கு. விளம்பரம் என்றால் கேவலம் இல்லை. தடியோடு நிற்கிற மனுஷனைப் பார்த்து யாரும் கோபித்துக்கொண்டான் என்று நினைக்கமாட்டார்கள், சாவு வீட்டில் வாசலில் நின்றாலும் கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் மட்டும் இன்னும் அதிகமாக இடம் கொடுப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. “டாக்டர் உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்று ஒரே வரி சொல்லுங்கள். வலி என்றால் வாதம் செய்கிற ஜனம், டாக்டர் என்றால் விட்டுவிடும்.

கோரிமேடு பிசியோ எழுதியது:

தடி யோசனை நல்லது. ஒரு திருத்தம்: இடது கால் பலவீனம் என்றால் தடியை வலது கையில் பிடிக்கணும், இடது காலோடு சேர்த்து ஊன்றணும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரணும்.

நின்று வேலை செய்வதிலும் ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்க நின்றால் அதற்கும் ஒரு வலி வரும். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க அரை அடி உயரத்தில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். நடுநடுவே கடை வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். நிற்பது, நடப்பது, கொஞ்சம் உட்காருவது, எதுவும் நீளக் கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

ஊன்றுகோல் ஐயா, நாற்பது வராது என்று நீங்களே சொன்னபிறகு எனக்குப் போகத் துணிச்சல் வந்துவிட்டது. கிடைக்கும் என்று சொல்லியிருந்தால்தான் கூச்சப்பட்டிருப்பேன். முதலில் ஜிப்மரில் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன், அப்புறம் உங்களைத் தேடி வருகிறேன். மனுவை நீங்கள்தான் எழுதணும், நான் எழுதினால் கிரயப் பத்திரம் மாதிரி வந்துவிடும்.

தங்கச்சி, ஆசாரியிடம் பேசியாயிற்று. கடையின் அகலம் ஆறடி, மேசை மூன்றடி நீளம் போதும் என்கிறார். உயரம் எவ்வளவு என்று கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிராக்கி எனக்கு எதிரே உட்கார்ந்தால் அண்ணாந்து பார்க்கும்படி ஆகிவிடுமோ என்றும் யோசனை.

முத்தியால்பேட்டை தையல் எழுதியது:

செருப்புப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள் அண்ணா, முழங்கையை மடக்குங்கள். கை எந்த உயரத்தில் வருகிறதோ அதற்கு இரண்டு விரற்கடை கீழே பலகை வரணும். கீபோர்டு அதன் மேல். ஸ்கிரீனை மட்டும் கண் மட்டத்துக்கு ஏற்றி வையுங்கள், லேப்டாப் என்றால் தனி கீபோர்டு வாங்கியே ஆகணும், இல்லாவிட்டால் இடுப்பை விட்டுக் கழுத்து பிடித்துக்கொள்ளும். மேசைக் காலில் ஆணி அடிக்க விடாதீர்கள், துளை போட்டு போல்ட் மாட்டச் சொல்லுங்கள். நான் முதல் தடவை அரை அங்குலம் உயரமாகத்தான் போட்டேன், போல்ட் இருந்ததால் இறக்க முடிந்தது.

கிராக்கிக்கு மெடிக்கல் ஷாப்பில் போடுகிற மாதிரி உயரமான ஸ்டூல் இரண்டு வாங்கிப் போடுங்கள். அவர்கள் அதில் ஏறி உட்கார்ந்தால் நீங்கள் நிற்கிற உயரத்துக்கு வந்துவிடுவார்கள். வயசானவர்களுக்கு மட்டும் ஒரு சாதா நாற்காலி ஓரமாக இருக்கட்டும்.